காகிதப்பட்டறையைத் தாண்டி

காலை ஆறரை மணிக்கு ஆம்பூர் பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கு ஊரின் தொழிலை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷூ கம்பெனி வேன்களும் பேருந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை, ஈரம் காயாத தலையில் ஒரு கிள்ளு மல்லி என்று பெண்கள் ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' தைப்பவர்கள், ஓரம் மடிப்பவர்கள், பிசிறு வெட்டுபவர்கள், பெட்டியில் அடுக்குபவர்கள். அந்த வேன்கள் கிளம்பிய பிறகு அதே இடத்தில் இன்னொரு கூட்டம் சேர்கிறது: வேலூருக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே அரை மணி நேரம்தான். பல வீடுகளில் அது அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி.

நான் சத்துவாச்சாரிக்குப் போகிறேன். அங்கே ஒரு கல்லூரியில் என் தோழி நூலகராக இருக்கிறாள். ஒரு மாதமாகப் போனில் ஒரே பேச்சு. "ஒரு நாள் வந்து என் லைப்ரரியில உக்காரு. புத்தகம் எடுக்க வர்ற கூட்டம் குறைஞ்சிருக்கு, எனக்கு வேலை மட்டும் ரெண்டு மடங்கா ஆயிருக்கு. ஏன்னு நீயே பார்த்துட்டு எழுது." அதனால்தான் இந்தப் பயணம். ஐம்பது கிலோமீட்டர்தான்; ஆனால் அந்த ஐம்பது கிலோமீட்டரைப் பற்றி எவ்வளவு எழுதிவைத்திருக்கிறார்கள், அதெல்லாம் எங்கெங்கே போய்க் கிடந்தன என்ற நினைப்பு அன்று முழுவதும் என்னோடு வந்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு பெண். மூன்றாம் ஆண்டு வேதியியல். ஊர் மாதனூர்ப் பக்கம் என்றாள். முதல்நாள் இரவு ஆம்பூரில் பாட்டி வீட்டில் தங்கியிருக்கிறாள். மடியில் ஸ்பைரல் போட்ட ஒரு ஜெராக்ஸ் கட்டு. பாலாற்று நிலத்தடி நீரைப் பற்றிய ப்ராஜெக்ட். "சீனியர் அக்கா குடுத்தது. அவங்களுக்கு அவங்க சீனியர் குடுத்தது" என்றாள். நகலின் நகலில் எண்கள் மங்கி, அட்டவணையில் மூன்றா எட்டா என்று தெரியாத இடங்களில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் மேலே எழுதியிருந்தார்கள். "இதையே எழுதிக் குடுத்துடலாம்னு பொண்ணுங்க சொல்றாங்க. எனக்குத்தான் மனசு வரல. எங்க ஊரு தண்ணிதானே இது, அக்கா?"

அந்தக் கேள்வி எனக்குப் பழையது. ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன், இவள் வயதில், தோல் கழிவுநீர் பற்றிய ஓர் ஆய்வேட்டைத் தேடி நான் சென்னைக்கு ரயில் ஏறினேன். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் பையில் இருந்தது. ஒரு பெரிய நூலகத்தின் மேசையில் அதைக் கொடுத்தேன். உறுப்பினர்களுக்கு மட்டும் என்றார்கள். எங்கள் ஊர்க் கிணறுகளைப் பற்றி எழுதியது அது, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் அதே பதில். இரவு ரயிலில் திரும்பி வந்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் மொண்டு போய் எழுதிய ஏடு, எங்கள் ஊருக்குக் கிடைக்காத ஏடாக ஆகிவிட்டதே என்ற வருத்தம் இன்றும் ஆறவில்லை.

பேருந்து மாதனூரைத் தாண்டுகிறது. இடப்பக்கம் பாலாறு. மணலும் சீமைக்கருவேலமும் நாணலுமாகக் கிடக்கிறது. 2021 நவம்பரில் இதே ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊர் ஊராக மக்கள் பாலத்தில் நின்றார்கள். ஆறு ஓடுவது இங்கே ஒரு காட்சி. நான் போனை எடுத்துப் புக்கானனின் புத்தகத்தைத் திறந்தேன். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-இல், கிழக்கிந்தியக் கும்பெனியின் மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் சென்னையிலிருந்து கிளம்பி ஆற்காடு, வேலூர், பள்ளிகொண்டா, சாத்கர் வழியாகத்தான் மைசூர்ச் சீமைக்குப் போனார். வழியெங்கும் மண், ஏரி, பாசனம், பயிர், விலை என்று குறித்துக்கொண்டே போனவர். 1807-இல் லண்டனில் மூன்று பாகங்களாக அச்சானது. யாருக்காக எழுதினாரோ அந்தக் கும்பெனி போய்விட்டது. புத்தகம் மட்டும் இப்போது வருடி ஏற்றப்பட்டு, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பேருந்து நிற்கும் நேரத்தில் என் உள்ளங்கையில் திறக்கிறது. ஆர்தர் காக்ஸ் 1881-இல் தொகுத்து, ஸ்டூவர்ட் பின்னால் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேடும் அப்படித்தான். ஒரு காலத்தில் கலெக்டர் அலுவலக அலமாரியிலும் சில பெரிய நூலகங்களிலும் மட்டும் இருந்தது.

"இது ஃப்ரீயா, அக்கா?" என்று எட்டிப் பார்த்தாள் அவள்.

"ஃப்ரீதான்."

"எங்க மேடம் இதைத்தான் சொல்லினே இருப்பாங்க. நாங்கதான் காதுல போட்டுக்கல." அப்போதுதான் தெரிந்தது, அவளுடைய மேடமும் என் தோழியும் ஒருவரே.

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் இறங்கினோம். வங்க மொழியிலும் இந்தியிலும் எழுதிய லாட்ஜ் பலகைகள், கையில் எக்ஸ்ரே உறையோடு நிற்கும் குடும்பங்கள். ஷேர் ஆட்டோ ஆற்காடு சாலையில் கிழக்கே திரும்பியது. "காகிதப்பட்டறை எறங்குறவங்க எறங்குங்க" என்றார் ஓட்டுநர். எத்தனையோ முறை கேட்ட பெயர்தான். அன்று மட்டும் காதில் வேறு மாதிரி விழுந்தது. காகிதம் செய்த பட்டறையின் பெயரைத் தாங்கிய ஊரைத் தாண்டித்தான், காகிதமே இல்லாமல் படிக்கக் கற்றுத்தரும் ஓர் அறைக்குப் போகிறேன். அடுத்த நிறுத்தம் சத்துவாச்சாரி.

சத்துவாச்சாரி வேலூரின் அலுவலகப் பக்கம். கலெக்டர் அலுவலகம், நீதிமன்ற வளாகம், வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள். ஆட்டோக்காரரிடம் "பேஸ் ஒன்னா, டூவா?" என்பதற்குப் பதில் சொல்லாமல் யாரும் வீடு போய்ச்சேர முடியாது. நடுவே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை இரைந்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் பாறைக் குன்றுகள்; பத்து மணிக்கே அனல் இறங்க ஆரம்பித்துவிடும். மனு எழுதித்தரும் மேசைகள், ஜெராக்ஸ் கடைகள், ஆன்லைன் விண்ணப்பக் கடைகள் சாலையோரம் வரிசையாக இருக்கின்றன. இந்தக் கடைகளைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்பது நூலகத்துக்குள் போனதும் விளங்கும்.

கல்லூரியின் முதல் மாடியில் நீண்ட அறை. இரும்பு அலமாரிகள், ஜன்னலோரம் எட்டு கணினிகள், நடுவில் பெரிய மேசை. மேசையைச் சுற்றி டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். தோழி ஒரு தடித்த பேரேட்டில் குனிந்திருந்தாள். எதிரே ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். யார் கையிலும் புத்தகம் இல்லை. ஐவருக்கும் பாஸ்வேர்டு வேண்டும்.

"இதுதான் என் வேலை" என்றாள்.

அந்த வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆய்வு இதழ்களை வெளியிடும் நிறுவனங்கள் சந்தா கட்டியவருக்குத்தான் கதவு திறக்கும். பெரிய பல்கலைக்கழகங்களில் வளாகத்தின் இணைய முகவரியை வைத்தே அந்தக் கதவு திறந்துவிடும். வளாகத்துக்குள் உட்கார்ந்தால் போதும், பெயர்கூடச் சொல்ல வேண்டாம். சின்னக் கல்லூரிகளுக்கு அந்த வசதி கனவாக இருந்தது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் 2010-இல் என்-லிஸ்ட் திட்டத்தைத் தொடங்கியபோதுதான் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் வழி பிறந்தது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டினால், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னிதழ்களும் லட்சக்கணக்கான மின்னூல்களும் கிடைக்கும். ஒரே ஒரு வெளிநாட்டு இதழின் ஓராண்டுச் சந்தாவே அதைவிடப் பல மடங்கு வருவதுண்டு. இங்கே கதவு இடத்தைப் பார்த்துத் திறப்பதில்லை. ஆளைப் பார்த்துத் திறக்கிறது. ஒவ்வொரு மாணவர் பெயரையும் மின்னஞ்சலையும் நூலகர் பதிவேற்ற வேண்டும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அந்த மின்னஞ்சலுக்குப் போகும்.

சிக்கல் அந்த மின்னஞ்சலில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் முதல் மின்னஞ்சல் முகவரி எங்கே பிறந்தது என்று தோழி ஒவ்வொருவரிடமும் கேட்டாள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போது, சாலையோரத்து ஆன்லைன் கடையில் கடைக்காரர் தட்டிக் கொடுத்தது. பாஸ்வேர்டு கடைக்காரருக்குத்தான் தெரியும். சிலருடையது அப்பாவின் போன் எண்ணோடு இணைந்திருக்கிறது; அப்பா லாரியோடு வெளி மாநிலத்தில் இருப்பார். ஒருத்தியின் மின்னஞ்சல் முகவரியில் கடைக்காரரின் பெயரே இருந்தது. அரசு பணம் போட்டு, கல்லூரி கட்டணம் கட்டி, உலகத்தின் இதழ்களெல்லாம் வாசல்வரை வந்து நிற்கின்றன. சாவி வைத்த உறை மட்டும் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்து கிடக்கிறது.

அதனால் அவள் அந்தப் பேரேடு போட்டிருக்கிறாள். முதலாம் ஆண்டு சேரும் ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே புது மின்னஞ்சல் தொடங்க வைக்கிறாள். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, என்னிடமும் சொல்லாதே என்கிறாள். முகவரியை மட்டும் பேரேட்டில் எழுதிக்கொள்கிறாள். ஆளுக்கு இருபது நிமிடம். முன்னூறு பிள்ளைகள் என்றால் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு, கல்லூரியைப் பார்வையிட வரும் எந்தக் குழுவின் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. இதழ்கள் எத்தனை, கணினிகள் எத்தனை என்றுதான் எழுதக் கேட்கிறார்கள். ஒரு பெண் தன் பெயரில் முதல்முறை ஒரு முகவரி உண்டாக்கிக்கொள்ளும் அந்த இருபது நிமிடத்தைத்தான் நான் முதல் கட்டமாகப் போடுவேன்.

வேதியியல் அலமாரியின் முனையில் ஒரு க்யூ.ஆர். அட்டை ஒட்டியிருந்தது. போனைக் காட்டினால் ஐ.ஐ.டி.கள் 2003 முதல் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் வேதியியலுக்கானவை வரிசையாக வருகின்றன. வரலாற்று அலமாரியில் காரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின்னூலகம். தமிழ் அலமாரியில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும். புத்தகத்தைத் தேடி வருகிறவள் அலமாரி முனையில் நின்று இதையும் பார்ப்பாள் என்ற கணக்கு. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினாரே, அந்த வண்டியின் ஞாபகம் வந்தது. நூலகவியல் அறிஞர், நம் சீர்காழிக்காரர் ரங்கநாதன் தொடங்கிவைத்த வண்டி அது. வண்டி போகும் தடத்தை ஊருக்கு ஊர் ஒருவர் போட வேண்டியிருந்தது அன்றும்.

பேருந்தில் வந்த பெண் பத்தரை மணிக்கு வகுப்பு முடிந்து வந்துவிட்டாள். கணினி முன் உட்கார்ந்து, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சேர்ந்திருக்கும் ஷோத்கங்காவைத் திறந்தாள். ஆய்வேட்டை மின்வடிவில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதி போட்டதிலிருந்து இன்று ஐந்து லட்சத்துக்கும் மேல் சேர்ந்திருக்கிறது. பாஸ்வேர்டும் வேண்டாம், கட்டணமும் இல்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முப்பது வருடங்களுக்கு முன் நான் கடிதத்தோடு நின்ற மேசை இந்தத் திரையில் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் கவனிக்கவில்லை, தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆங்கிலத்தில் பாலாறு, வேலூர், நிலத்தடி நீர் என்று போட்டாள். சில வந்தன. "அவ்வளவுதானா?" என்று நிமிர்ந்தாள். தோழி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த அரை மணி நேரம் நடந்ததுதான் நான் அன்று பார்த்த சிறந்த வகுப்பு.

"நம்ம மாவட்டத்துக்கு எத்தனை பேருன்னு சொல்லு."

"வேலூர்... இப்போ எங்க ஊரு திருப்பத்தூர் மாவட்டம், மேடம்."

"அது 2019 நவம்பர்ல வந்தது. ராணிப்பேட்டையும் அப்பதான். அதுக்கு முன்னால வேலூர். அதுக்கும் முன்னால?"

அவளுக்குத் தெரியவில்லை. 1989-இல் பழைய வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து, திருவண்ணாமலை தனியாகப் போய், இந்தப் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று ஆனது. தொண்ணூறுகளின் பிற்பாதியில்தான் அது வேலூர் மாவட்டம். ஆக, 1985-இல் எழுதிய ஆய்வேட்டுக்கு ஊர் வட ஆற்காடு, 1993-இல் எழுதியதற்கு வட ஆற்காடு அம்பேத்கர், 2005-இல் வேலூர், இன்று எழுதினால் திருப்பத்தூர். ஒரே கிணறு, நான்கு பெயர்கள். ஒரு பெயரில் தேடுகிறவளுக்கு ஒரு காலம்தான் கிடைக்கும். எழுத்துக்கூட்டல் வேறு. வாணியம்பாடியை வெள்ளைக்காரன் ஒருவிதமாக எழுதினான், ரயில்வே ஒருவிதமாக, ஆய்வாளர்கள் தங்களுக்குத் தோன்றியபடி. சத்துவாச்சாரிக்கே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள் உண்டு. தோழி ஒரு தாளை எடுத்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதச் சொன்னாள். பிறகு ஒவ்வொன்றாகத் தட்டச் சொன்னாள். பட்டியல் நீண்டுகொண்டே போனது. குரோமியம், உப்பு, கிணற்று நீர், பெண் தொழிலாளர்களின் முதுகுவலி, தோல் வணிகர்களின் கல்விப் பணி, பாலாற்று ஊற்றுக் கால்வாய்கள். இந்த மண்ணைப் பற்றி இத்தனை பேர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

எந்தத் தேடுபொறியும் அந்தத் தாளை அவளுக்குத் தந்திருக்காது. மாவட்டம் பிரிந்த கதை தெரிந்த ஒருத்தி பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

தமிழில் தேடினால் வேறு துன்பம். அதை எனக்குக் காட்டியவர், பார்வையற்ற ஒரு தமிழ்த் துறை மாணவர். காதில் செவிப்பொறி மாட்டி, ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் உருவாக்கி இலவசமாக விட்ட என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பியை வைத்துப் படிக்கிறார். மதுரைத் திட்டத்தின் நூலைத் திறந்தார். தன்னார்வலர்கள் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தவை என்பதால் இயந்திரக் குரல் தடையில்லாமல் படித்தது. அடுத்து ஒரு பழைய தமிழ் ஆய்வேடு. குரல் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளைக் கொட்டியது. ஒருங்குறி பரவுவதற்கு முன், ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டிய காலத்து ஏடு அது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். அடியில் இருப்பதோ வேறு எழுத்து. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் எழுதியவை அப்படியே நிற்கின்றன. மூன்றாவது ஒரு வருடல் கோப்பு. குரல் எதுவுமே சொல்லவில்லை. அதற்கு அது வெறும் படம்.

"சார்கிட்ட கேட்டா, இணையத்துல எல்லாம் இருக்கேப்பான்றாரு" என்றார் அந்த மாணவர். "இருக்குது, மேடம். எனக்குத்தான் இல்ல."

பார்வையற்றோருக்காக நூல்களை மாற்றுவடிவில் ஆக்க உரிமையாளரின் தனி அனுமதி தேவையில்லை என்று வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தை, 2014-இல் உலகத்திலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. சட்டம் கையில் இருக்கிறது. எழுத்துணரி மென்பொருள்கள் இப்போது தமிழ் அச்சை நன்றாகவே படிக்கின்றன. தோழி வாரத்துக்கு இரண்டு நூல்களை அவருக்காக அப்படி மாற்றிக் கொடுக்கிறாள். பிழை திருத்த அவருடைய வகுப்பு மாணவிகள் இருவர் முறைபோட்டு வருகிறார்கள். இதை ஒரு நூலகம் தனியாகச் செய்து மாளாது. தமிழ்நாட்டின் கல்லூரித் தமிழ்த் துறைகள் ஆளுக்கு ஐம்பது ஏடுகளை எடுத்துக்கொண்டால் சில ஆண்டுகளில் முடிந்துவிடும் வேலை. முடிக்க வேண்டும்.

மதியம் சாப்பிட்டுக்கொண்டே 'ஒரே நாடு ஒரே சந்தா' பற்றிப் பேசினோம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், ஏறக்குறைய 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். மாநில அரசுக் கல்லூரிகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. நல்ல செய்தி. இப்படி நாடு முழுவதற்கும் சேர்த்துச் சந்தா கட்டும் யோசனைக்கு இந்த ஊரோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. எந்தச் சிகிச்சை உண்மையில் பயன் தருகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் காக்ரேன் நூலகத்தை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் நாட்டில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. தெற்காசியாவுக்கான காக்ரேன் வலையமைப்பு அப்போது இயங்கியது வேலூர் சி.எம்.சி.யில், டாக்டர் பிரதாப் தரியன் தலைமையில். கிராமத்து மருத்துவரும் பெரிய ஆஸ்பத்திரி மருத்துவரும் ஒரே பக்கத்தைப் படிக்க முடிந்தது.

புதிய திட்டத்தின் முதல் கட்டம் அரசு நிறுவனங்களோடு நிற்கிறது. தோழியின் கல்லூரி அரசுக் கல்லூரி இல்லை. ஆனால் அங்கே படிக்கும் பிள்ளைகள் அரசுக் கல்லூரிப் பிள்ளைகளின் அக்கா தங்கைகள்தான். ஒரே வீட்டில் ஒருத்திக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது, இன்னொருத்திக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே வித்தியாசம். ஷூ கம்பெனிச் சம்பளத்தில் கட்டணம் கட்டும் வீடுகள் இவை. அடுத்த கட்டத்தில் இவர்களையும் சேர்க்க வேண்டும், தாமதிக்காமல்.

மூன்று மணி வாக்கில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். ஆய்வேட்டில் திரும்பத் திரும்ப ஒரு தீர்ப்பைக் குறிப்பிடுகிறார்கள், அது எங்கே கிடைக்கும் என்றாள். ஜன்னல் வழியாகத் தோழி வெளியே கை காட்டினாள். நீதிமன்ற வளாகம் அந்தத் திசையில். தீர்ப்பு வந்தது அங்கிருந்து அல்ல, டெல்லியிலிருந்து: வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் படிக்கும் எந்த மாணவரும், எந்த மாநிலத்திலும், இதைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், தீங்கு முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே காக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது நிலைநிறுத்தியது. உச்ச நீதிமன்றம் 2023 தொடக்கத்தில் தன் தீர்ப்புத் தொகுதிகளை இணையத்தில் கட்டணமின்றித் திறந்துவிட்டது. 2008 முதலே இந்தியன் கானூன் தளத்திலும் படிக்கலாம்.

அவள் திரையில் மெல்லப் படித்துக்கொண்டே போனாள். தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற இடத்தில் நிறுத்தினாள். ஒரு கிலோ தோலைப் பதனிட முப்பத்தைந்து லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் மறுபடி நிறுத்தினாள். வேதியியல் மாணவி அல்லவா. அந்தத் தண்ணீரில் என்னென்ன கலந்து வெளியே போகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலைக்குப் பக்கத்தில் மலைபோல் குவிந்த கழிவைப் பற்றி அவளே சொன்னாள். இதே வழக்கின் தொடர்ச்சியாக 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு போய்ச்சேர வேண்டும் என்று உத்தரவிட்டதையும், கண்காணிக்க ஒரு குழு வைக்கச் சொன்னதையும் தோழி காட்டினாள். "முப்பது வருஷமாவா, மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தண்ணீரைக் கெடுத்த தோல்தான் இந்தப் பகுதிக்குக் கல்லூரிகளையும் கொடுத்தது. 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, இங்கிருந்து கிழக்கே மேல்விஷாரத்தில் தோல் வணிகர் அப்துல் ஹக்கீம் பெயரைத் தாங்கி நிற்கும் கல்லூரி எல்லாம் தோல் வணிகர்கள் தந்த கொடையில் எழுந்தவை. இந்தப் பெண்ணின் கல்லூரிக் கட்டணமும் அம்மா தைக்கும் அப்பரிலிருந்துதான் வருகிறது. ப்ராஜெக்ட்டில் இரண்டையும் எழுதுவேன் என்றாள். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாலரை மணிக்கு இருவரும் சேர்ந்தே கிளம்பினோம். வேலூரில் திருப்பத்தூர்ப் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. அவள் நூலகத்தில் இறக்கி வைத்திருந்த ஓர் ஆய்வேட்டைப் போனில் திறந்து, அட்டவணையை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் மாதிரி எடுத்த ஊர்களின் பட்டியல் அது. நகலின் நகல் இல்லை. எண்கள் தெளிவாக இருந்தன. மூன்று மூன்றாகவும் எட்டு எட்டாகவும். ஸ்பைரல் கட்டு பைக்குள் போய்விட்டது.

பள்ளிகொண்டா தாண்டியதும் என் கையைத் தட்டினாள். பட்டியலின் நடுவே அவள் ஊர்ப் பெயர். பக்கத்துக் கட்டத்தில், ஆழம் குறைந்த திறந்த கிணறு என்று இருந்தது. அதற்கடுத்து எண்கள்.

"எங்க ஊர்ல இப்ப கெணறே இல்ல, அக்கா" என்றாள்.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் ஷிஃப்ட் விட்ட இரைச்சல், வேன் ஹாரன், பெண்களின் பேச்சுச் சத்தம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு இவள் கத்தினாள்: "அம்மா, நம்ம ஊர்ல கெணறு இருந்துச்சா? தோண்டின கெணறு... ஆமா, கெணறுதான். எங்க இருந்துச்சு?"

நீண்ட பதில் வந்தது. இவள் பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, ஸ்பைரல் கட்டின் பின்னட்டையில் எழுதத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, "இரும்மா, மெதுவா சொல்லு. எந்த வருஷம் மூடினாங்க?" என்றாள்.